உறங்குவோரும் விழித்திருப்போரும்

தன் முகத்தைக் காண ஒருவனுக்குக் கண்ணாடி உதவும். தன் உறக்கத்தைக் காண எதுவும் உதவாது. உண்பதை நாம் அறிகிறோம், நடப்பதை அறிகிறோம், உறங்குவதை மட்டும் அறிவதில்லை. விடிந்து எழுந்து ‘நன்றாக உறங்கினேன்’ என்று சொல்கிறோமே, அஃது ஊகமே ஆகும். நம் உறக்கத்துக்குச் சாட்சி பிறர்தாம். ஆதலால், உறக்கத்தில் வரும் ஒரு நோயின் வரலாறு பெரும்பாலும் அருகில் விழித்திருந்தவர்களின் வரலாறாகவே அமைந்துவிட்டது. அதனை இன்று உங்களுக்குக் கூற விரும்புகிறேன். அந்த நோய் எனக்கும் உண்டு என்பதையும் முன்னரே சொல்லிவிடுகிறேன்.

நோய் இன்னதென்று முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். நாம் விழித்திருக்கும்போது தொண்டையைச் சூழ்ந்த தசைகள் மூச்சு செல்லும் வழியைத் திறந்து வைத்திருக்கின்றன. உறங்கும்போது அவை தளர்கின்றன. வழி குறுகினால் காற்று அதிர்ந்து செல்கிறது. அந்த அதிர்வே குறட்டை. சிலருக்கு வழி குறுகுவதோடு நில்லாமல் முழுதும் மூடிக்கொள்கிறது. மெல்லிய தாள் குழலை இளநீரில் இட்டு வேகமாக உறிஞ்சினால், குழலின் சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதைக் கண்டிருப்பீர்கள். இதுவும் அத்தகையதே. நெஞ்சு விம்மி இழுக்கிறது. காற்றோ உள்ளே செல்வதில்லை. 10 விநாடி, 20 விநாடி, சில வேளை அதற்கு மேலும் மூச்சு நிற்கிறது. குருதியில் உயிர்வளி குறைகிறது. மூளை திடுக்கிட்டு ஒரு கணம் விழிக்கிறது, பெரும் ஓசையோடு மூச்சு மீள்கிறது, மறுபடியும் உறக்கம். நோய் முற்றியவர்களுக்கு ஒரு மணி நேரத்தில் 30 முறைக்கு மேலும் இவ்வாறு நிகழும். காலையில் அவர்களுக்கு இவற்றுள் ஒன்றும் நினைவில் இராது. ‘எட்டு மணி நேரம் உறங்கியும் அயர்ச்சி தீரவில்லையே’ என்று மட்டும் சொல்வார்கள். மருத்துவர்கள் இதனை ‘ஸ்லீப் ஆப்னியா’ என்கின்றனர். உறக்க மூச்சுத்தடை என்று நாம் சொல்லலாம்.

நெடுங்காலம் உலகம் இதனை நோயென்று எண்ணவில்லை. நகைப்புக்கு உரியதென்றே எண்ணியது. இராமாயணக் கதையில் கும்பகருணனை எழுப்பச் சென்ற அரக்கர்கள் அவனுடைய மூச்சுக் காற்றின்முன் நிற்க மாட்டாமல் தடுமாறும் இடத்தைக் கேட்டுச் சிரிக்காத குழந்தை நம் நாட்டில் இல்லை. குறட்டையை ஆழ்ந்த உறக்கத்தின் அறிகுறியென்று நம் வீடுகளில் இன்றும் கருதுவோர் பலர். பகலில் கண் சொக்குபவனுக்குத் ‘தூங்குமூஞ்சி’ என்னும் பெயர் எளிதில் கிடைத்துவிடுகிறது. இங்கிலாந்திலும் இதே நிலைதான். சார்லஸ் டிக்கன்ஸ் 1836, 1837ஆம் ஆண்டுகளில் எழுதி வெளியிட்ட ‘பிக்விக் பேப்பர்ஸ்’ என்னும் நாவலில் ஜோ என்ற பருத்த பையன் ஒருவன் வருகிறான். ஏவிய வேலையின் நடுவிலேயே உறங்கிவிடுவான். நின்றபடியே குறட்டை விடுவான். வாசகர்கள் சிரித்தனர். ஆனால் அந்தச் சிரிப்புக்குள் ஒரு நோயாளியின் உருவம் ஒளிந்திருந்தது.

அவ்வுருவத்தை மருத்துவ நூல்களுக்குள் கொண்டுவந்தவர்களுள் முக்கியமானவர்கள் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து மருத்துவர் சிட்னி பர்வெல்லும் அவருடன் பணியாற்றியவர்களும் ஆவர். 1956ஆம் ஆண்டில் அவர்கள் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார்கள். அவர் 51 வயதான வணிக அலுவலர், மிகப் பருத்தவர். வாரந்தோறும் நண்பர்களோடு சீட்டாடுவது அவர் வழக்கம். ஒருநாள் மூன்று ஆஸும் இரண்டு ராஜாவும் ஒருசேர அவர் கைக்கு வந்தன. பந்தயத்தில் அத்தகைய சீட்டுகள் வருவது அரிது. ஆயினும் அவர் அவற்றைக் கையில் பிடித்தபடியே உறங்கிப்போனார், ஆட்டம் கைநழுவியது. சில நாட்களில் அவர் மருத்துவமனையை நாடினார். மருத்துவர்கள் டிக்கன்ஸின் நாவலை நினைந்து அந்நோய்க்குப் பிக்விக்கின் பெயரையே இட்டனர். உடற்பருமனால் மூச்சு குறைகிறது. அதனால் கரியமிலவாயு குருதியில் தேங்குகிறது. அதுவே பகலுறக்கத்துக்குக் காரணம் என்பது அவர்கள் கொண்ட முடிபு.

அம்முடிபில் உண்மை ஓரளவு உண்டு. முழு உண்மை இல்லை. அவர்கள் நோயாளியைப் பகலில் ஆராய்ந்தனர். நோயோ இரவில் இருந்தது.

இரவில் விழித்திருந்து பார்த்தவர்கள் ஐரோப்பிய மருத்துவர்கள். 1965ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் மார்செய் நகரில் காஸ்தோ என்பவரும் அவர் தோழர்களும், ஜெர்மனியில் யுங், கூலோ என்னும் இருவரும், தனித்தனியே ஒரே செயலைச் செய்தனர். இத்தகைய நோயாளிகளை உறங்கவிட்டு, அவர்களுடைய மூளையின் மின்னலைகளையும் மூச்சையும் இரவில் பதிவு செய்தனர். உறக்கத்தில் மூச்சு திரும்பத் திரும்ப நிற்பதையும், ஒவ்வொரு முறையும் மூளை விழிப்பதையும் அப்பதிவுகள் காட்டின. மூச்சு நின்று நின்று துண்டு துண்டாகிப்போன உறக்கம் பகலில் கடனைக் கேட்கிறது என்பது அப்போது புலனாயிற்று. பருத்தவர்களுக்கு இந்நோய் மிகுதி என்பது உண்மையே. ஆனால் மெலிந்தவர்களுக்கும் இது வரும் என்பது பின்னர்த் தெரியவந்தது. 1976ஆம் ஆண்டில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கில்லெமினோ என்னும் மருத்துவரும் அவர் குழுவினரும் ‘ஸ்லீப் ஆப்னியா’ என்னும் பெயரை நிலைபெறச் செய்தனர். பெயரளவில் பிக்விக்கின் நகைச்சுவை நீங்கியது.

நோயைக் கண்டறிந்தாயிற்று, மருந்து யாது? 1969ஆம் ஆண்டில் ஜெர்மனியில் கூலோவும் அவர் கூட்டாளிகளும் ஒரு வழியைக் கையாண்டனர். கழுத்தின் முன்புறம் மூச்சுக்குழலில் துளையிட்டு ஒரு குழாயைப் பொருத்துவது அவ்வழி. பகலில் அடைத்துவைத்து இரவில் திறந்துகொள்ளலாம். அடைப்பு தொண்டையில் இருக்கிறது. மூச்சு அதற்குக் கீழேயுள்ள வேறு வாயிலால் செல்கிறது. பயன் உறுதியாகக் கிடைத்தது, உயிர்கள் பிழைத்தன. ஆயினும், கழுத்தில் துளையோடு வாழ்நாளைக் கழிக்க யார் எளிதில் இசைவார்?

இசையாத ஒருவராலேயே அடுத்த வழி பிறந்தது. ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் காலின் சல்லிவன் என்னும் மருத்துவர் இருந்தார். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளின் நுரையீரல் சுருங்கிவிடாமல் இருக்க, மூச்சுவழியில் இடையறாத காற்றழுத்தம் கொடுக்கும் முறையைக் கிரெகரி என்பவர் அமெரிக்காவில் 1971ஆம் ஆண்டிலேயே வெளியிட்டிருந்தார். அத்தகைய மெல்லிய அழுத்தத்தை மூக்கின் வழியாகச் செலுத்தினால் தளர்ந்த தொண்டையும் மூடாமல் நிற்கும் அல்லவா என்று சல்லிவன் எண்ணினார். 1980ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், கழுத்தில் துளையிட வேண்டும் என்று அறிவுரை பெற்று அதனை மறுத்த ஒரு நோயாளி, ஓர் இரவு இதனைச் சோதித்துப் பார்க்க உடன்பட்டார். வீட்டைத் தூய்மை செய்யும் தூசி உறிஞ்சியின் விசையே காற்றை ஊதும் பொறியாயிற்று. மூக்கில் குழாயைப் பொருத்திப் பொறியை ஓட்டினர். அழுத்தம் ஏறியதும் மூச்சுத்தடை நின்றது; நோயாளி ஆழ்ந்த உறக்கத்துள் சென்றார். மறுநாள் காலையில் தெளிந்த விழிப்போடு எழுந்தார். 1981ஆம் ஆண்டு ஏப்ரலில் ‘லான்செட்’ இதழில் ஐந்து நோயாளிகளின் செய்தி வெளிவந்தது.

அந்த அழுத்தம் எவ்வளவு? ஒரு குவளையில் 10 சென்டிமீட்டர் ஆழத்துக்கு நீர் ஊற்றி, அடிவரை ஒரு குழலை விட்டு ஊதிக் குமிழி எழச் செய்யுங்கள். அதற்கு வேண்டிய அழுத்தமே போதும். அவ்வைந்து பேருக்கும் தேவைப்பட்டது அவ்வளவுக்கு மேற்படவில்லை. முறிந்த எலும்பைச் சிம்பு வைத்துக் கட்டுவார்கள் அல்லவா? இங்கே காற்றே தொண்டைக்குச் சிம்பாக நிற்கிறது. இப்பொறி உயிர்வளியைத் தருவதென்று பலர் எண்ணுகின்றனர். அவ்வாறன்று, அறையில் உள்ள காற்றையே வடிகட்டிச் சிறிது அழுத்தத்தோடு தருகிறது.

காற்றே மருந்து என்னும் கருத்து எங்கள் பகுதிக்குப் புதியதன்று. நான் வாழும் சேலையூர் தாம்பரத்தின் கிழக்கே இருக்கிறது. அதே தாம்பரத்தில் 1928ஆம் ஆண்டில் டாக்டர் சவுரிமுத்து காசநோய் நிலையம் ஒன்றைத் தொடங்கினார். இங்கிலாந்தில் மெண்டிப் குன்றுப் பகுதியில் காசநோயாளர் இல்லம் நடத்தியவர் அவர். கணித மேதை இராமானுஜன் அங்கே அவரிடம் சிகிச்சை பெற்றதுண்டு. திறந்த வெளி, தூய காற்று, ஓய்வு, நல்லுணவு ஆகியவையே அந்நாளைய சிகிச்சை. அரசு 1937ஆம் ஆண்டில் ஏற்று நடத்தத் தொடங்கிய அந்நிலையம் இன்று நெஞ்சக நோய் மருத்துவமனையாக விளங்குகிறது. அருகிலுள்ள ரயில் நிலையமும் சானட்டோரியம் என்றே பெயர் பெற்றது.

ஆனால் காசநோயைக் காற்று மட்டும் வென்றுவிடவில்லை. ஸ்ட்ரெப்டோமைசின் முதலிய மருந்துகள் வந்தபின்னரே வெற்றி கிட்டியது. 1956ஆம் ஆண்டில் சென்னையில் நிறுவப்பெற்ற காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் ஓர் ஆராய்ச்சி நடத்தியது. மருத்துவ நிலையத்தில் தங்கி மருந்துண்பவரையும், வீட்டில் இருந்தபடி மருந்துண்பவரையும் ஒப்பிட்டு, வீட்டுச் சிகிச்சையும் ஏறத்தாழ அதே பயனைத் தரும் என்று 1959ஆம் ஆண்டில் உலகுக்குக் காட்டியது. அதன் பயனாகச் சிகிச்சை வீட்டுக்கு வந்தது. அதனோடு பொறுப்பும் வீட்டுக்கு வந்தது. மருந்தை நாள்தோறும் தவறாமல் உண்டால்தான் பலன். உண்ணுகிறாரா என்று பார்க்கச் செவிலியர் எப்போதும் அருகில் இரார்.

மூச்சு முகமூடியின் கதையும் இத்தகையதே. இது மருத்துவமனையில் ஒருநாளில் முடியும் சிகிச்சை அன்று. அணியும் இரவில் பயன் உண்டு. கழற்றிய இரவில் பழைய நோய் உண்டு. என் மனைவி பல இரவுகள் விழித்திருந்து, என் மூச்சு நிற்பதை எண்ணிப் பார்த்து, என்னை மருத்துவரிடம் அழைத்துச் சென்றாள். ஓர் இரவு உடலெங்கும் கம்பிகளை ஒட்டி உறங்கவைத்துப் பார்த்தார்கள். மணிக்கு 38 முறை மூச்சு தடைப்பட்டதைப் பதிவு காட்டிற்று. வீட்டுக்கு முகமூடி வந்தது.

முதல் இரவுகள் எளியவையாக இல்லை. மூச்சை இழுப்பது எளிது. எதிர்வரும் காற்றின்மேல் மூச்சை விடுவதே கடினம். வாய் திறந்தால் காற்று சீறிக்கொண்டு வெளியேறும், தொண்டை வறளும். வாரை இறுக்கினால் மூக்கின் மேல் தழும்பு. தளர்த்தினால் காற்று கண்ணில் வீசும். நள்ளிரவில் என்னை அறியாமலே கழற்றி எறிந்திருப்பேன். என் பேரன் குழாயைப் பார்த்து, ‘தாத்தாவுக்குத் தும்பிக்கை முளைத்துவிட்டது’ என்று சிரித்தான். அவனோடு சேர்ந்து நானும் சிரித்தேன்; அச்சம் சிறிது குறைந்தது.

பழக்கத்தை இரவில் தொடங்காமல் பகலில் தொடங்கும்படி மருத்துவர் கூறினார். மாலையில் நாற்காலியில் அமர்ந்து முகமூடியை அணிந்து, வானொலியைக் கேட்டபடி கால்மணி நேரம் இருப்பேன். பிறகு அரைமணி, பிறகு பகல் ஓய்வில் சிறிது நேரம். அழுத்தம் மெல்ல மெல்ல ஏறும்படி பொறியில் ஓர் அமைப்பு இருந்தது. ஈரப்பதம் சேர்க்கும் நீர்க்கலம் தொண்டையின் வறட்சியைத் தணித்தது. படுத்த நிலையில்தான் முகத்தின் அமைப்பு மாறுகிறது. ஆகையால் வாரையும் படுத்துக்கொண்டே சரிசெய்ய வேண்டும் என்று கற்றேன். நாள்தோறும் மெல்லிய சோப்பு நீரில் முகமூடியைக் கழுவுவதை என் மகள் ஏற்றுக்கொண்டாள். மழைக்காலத்து மின்வெட்டில் பொறி நின்றால் விழித்துக் கழற்றிவிடுவேன். இவ்வாறு ஆறு வாரம் சென்றது. ஒருநாள் காலையில் செய்தித்தாளை முதற்பக்கம் முதல் கடைசிப் பக்கம் வரை உறங்காமல் படித்து முடித்தேன். பல ஆண்டுகளாக எனக்குக் கிட்டாத செல்வம் அது.

மாணவர்களே, இவ்வரலாற்றை உங்களுக்குச் சொல்ல ஒரு காரணம் உண்டு. இந்நோயைக் கவனியாது விட்டால் குருதியழுத்தம் உயர்வதோடு, இதயநோய்க்கும் பக்கவாதத்துக்கும் வாய்ப்பு மிகுகிறது. இரவெல்லாம் உறக்கம் துண்டுபட்டவர் பகலில் வண்டி ஓட்டினால் அவருக்கும் ஆபத்து. எதிரே வருபவருக்கும் ஆபத்து. இந்நோய் முதியவரோடு நிற்பதும் இல்லை. உள்நாக்கின் அருகிலுள்ள டான்சில் சதையும் மூக்கின் பின்னுள்ள அடினாய்டு சதையும் பெருத்த சிறுவர்களுக்கும் இது வரும். அவர்கள் வகுப்பில் கவனமின்றி இருப்பதைக் குறும்பென்றோ சோம்பலென்றோ பிறர் எண்ணக்கூடும். எல்லாக் குறட்டையும் நோயன்று. எல்லோருக்கும் முகமூடி வேண்டும் என்பதும் இல்லை. சிலருக்கு எடையைக் குறைப்பதும், ஒருக்களித்துப் படுப்பதும், வேறு சிலருக்கு அறுவை மருத்துவமும் உதவும். அதனை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர்.

ஆனால் மருத்துவரிடம் சொல்லவேண்டிய செய்தி உங்களிடம்தான் இருக்கிறது. உங்கள் தந்தையாரோ பாட்டியாரோ குறட்டை விடும்போது ஓசை திடீரென்று நின்று, சிறிது நேரம் அமைதி நிலவி, பிறகு திணறலோடு மூச்சு மீள்கிறதா என்று கவனியுங்கள். எத்தனை விநாடி என்று கடிகாரத்தைப் பார்த்து ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் அவரிடம் நகைக்காமல், அன்போடு எடுத்துக் கூறுங்கள். ‘எனக்கு அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை’ என்றுதான் அவர் சொல்வார். உறங்கியவருக்கு அது தெரிய வழியில்லை. நீங்கள் எழுதிய தாளை மருத்துவரிடம் காட்டுங்கள். 1965ஆம் ஆண்டில் மார்செய் நகரத்து மருத்துவர்கள் கருவிகளைக் கொண்டு செய்ததன் முதற்படியை, உங்கள் வீட்டில் நீங்கள் ஒரு கடிகாரத்தைக் கொண்டு செய்துவிடலாம்.