ஆஷா பணியாளரின் உழைப்பை எதைக் கொண்டு அளப்பது? கிராமப்புறப் பேறுகாலப் பாதுகாப்பு குறித்து ஒரு மறுபரிசீலனை

தேசிய ஊரக சுகாதார இயக்கம் 2005 ஏப்ரலில் தொடங்கியபோது, ஏறத்தாழ ஆயிரம் பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் ஆஷா எனப்படும் சமூக சுகாதாரப் பணியாளர்கள் அந்தந்த ஊர்ப் பெண்களிலிருந்தே தேர்ந்தெடுக்கப்பட்டனர். அதே ஆண்டு வந்த ஜனனி சுரக்ஷா திட்டம், மருத்துவமனையில் பிள்ளை பெறும் தாய்க்கும் அவரை அழைத்துவரும் ஆஷாவுக்கும் பணம் வழங்கியது. பின்தங்கிய மாநிலங்களின் கிராமங்களில் தாய்க்கு 1,400 ரூபாய். பின்னர் திருத்தப்பட்ட விகிதப்படி ஆஷாவுக்கு 600 ரூபாய். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 2005-06இல் 38.7 விழுக்காடாக இருந்த மருத்துவமனைப் பிரசவம் 2019-21இல் 88.6 விழுக்காடாக உயர்ந்தது. இந்த உயர்வையே ஆஷாவின் வெற்றியாகக் காட்டுவது வழக்கமாகிவிட்டது. அவருடைய பங்கு பெரிதுதான். அதை அளக்கக் கையாளும் அளவுகோல்தான் பொருந்தவில்லை என்பது இக்கட்டுரையின் வாதம்.

எண்ணிக்கையும் உயிரும்

பேறுகால இறப்புக்கு இட்டுச்செல்லும் தாமதங்களைத் தாடியஸ், மெய்ன் ஆகியோர் 1994இல் மூன்றாக வகுத்தனர்: மருத்துவமனைக்குப் போக முடிவெடுப்பதில், போய்ச் சேர்வதில், சேர்ந்த இடத்தில் சிகிச்சை பெறுவதில். முதல் இரண்டையும் ஆஷாவால் குறைக்க முடியும். வண்டிக்கு யாரைக் கூப்பிடுவது, மூத்த பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது, இரத்தம் தேவைப்பட்டால் யார் கொடுப்பது என்பதை எட்டாம் மாதத்திலேயே மாமியாரோடும் கணவரோடும் பேசி வைக்க அவரால் முடியும். மூன்றாவது தாமதம் அவருடைய எல்லைக்கு வெளியே நிற்கிறது. பேறுக்குப் பின் வரும் பெரும் இரத்தப்போக்கு ஓரிரு மணி நேரத்தில் உயிரைப் பறித்துவிடும். கருப்பையைச் சுருங்கவைக்கும் ஊசியோ இரத்தமோ அறுவை மருத்துவரோ கிடைக்காத இடத்துக்கு ஒரு பெண்ணை உரிய நேரத்தில் கொண்டுசேர்த்தும் பயனில்லை.

ஒன்பது மாநிலங்களின் 284 மாவட்டங்களை ஆராய்ந்து ரந்திவே குழுவினர் 2013இல் வெளியிட்ட ஆய்வு, மருத்துவமனைப் பிரசவ விகிதத்துக்கும் பேறுகால இறப்புக்கும் இடையே குறிப்பிடத்தக்க தொடர்பு எதையும் காணவில்லை. 2018-20இல் ஒரு லட்சம் பிறப்புக்கு இறந்த தாய்மார் இந்திய அளவில் 97 பேர். அசாமில் 195, உத்தரப் பிரதேசத்தில் 167. இவ்விரு மாநிலங்களிலும் பத்தில் எட்டுக்கு மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவமனையில்தான் நடந்தன.

பேச்சின் பயன்

அப்படியானால் ஆஷாவின் பேச்சுக்குப் பயனில்லையா? ஜார்க்கண்டிலும் ஒடிசாவிலும் பழங்குடியினர் மிகுந்த மூன்று மாவட்டங்களில் ஏக்ஜுட் அமைப்பு நடத்திய ஆய்வு வேறு விடை தருகிறது. அங்கே மாதந்தோறும் பெண்கள் கூடினர். பட அட்டையும் கதையும் வைத்துக்கொண்டு காரணத்தைத் தோண்டும் முறை அது. மாதிரிக்கு ஒன்று: பிள்ளை ஏன் இறந்தது? உடல் குளிர்ந்துவிட்டது. ஏன் குளிர்ந்தது? பிறந்த கையோடு குளிப்பாட்டினார்கள். ஏன் குளிப்பாட்டினார்கள்? தீட்டுக் கழிய வேண்டும் என்றார்கள். இப்படிக் காரணத்தைத் தாங்களே கண்டவர்கள் தீர்வையும் தாங்களே வகுத்தனர். 2010இல் வெளியான முடிவின்படி, பச்சிளம் குழந்தை இறப்பு 32 விழுக்காடு குறைந்தது. மருத்துவமனையை நாடுவது பெரிதாகக் கூடவில்லை. மாறியவை வீட்டுப் பழக்கங்கள். ஆஷாக்களே கூட்டம் நடத்திய அடுத்த ஆய்விலும் (2016) 31 விழுக்காடு குறைவு தெரிந்தது. முன்கூட்டியே முடிவான செய்தியைச் சொல்லிப்போவதைவிட, ஊர்ப் பெண்களோடு உட்கார்ந்து ஆராய்வதில்தான் ஆஷாவின் வலிமை இருக்கிறது.

ஒரு மறுப்பு

வீட்டுப் பழக்கம் மாறினால் போதும் என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. குளிரையும் தொற்றையும் வீட்டிலேயே பெருமளவு தடுக்கலாம். தாயின் இரத்தப்போக்கையும் வலிப்பையும் அப்படித் தடுக்க இயலாது. அதே 2018-20இல் தமிழ்நாட்டில் பேறுகால இறப்பு லட்சத்துக்கு 54ஆக இருந்ததற்குக் கல்வி, போக்குவரத்து போன்றவையும் காரணம். ஆயினும் அங்கே வீடு தேடி வருபவர் பயிற்சி பெற்ற கிராம சுகாதார செவிலியர். அவர் அனுப்பும் இடத்தில் இருபத்துநான்கு மணி நேரமும் செவிலியர் உண்டு. சிக்கல் முற்றினால் அனுப்ப, அவசரப் பேறுகாலச் சிகிச்சை தரும் சீமாங்க் மையம் உண்டு. இறப்பு நேர்ந்தால் தணிக்கை உண்டு. வாசலில் தரும் வாக்குறுதியைக் காப்பாற்றும் ஏற்பாடு பின்னால் நிற்கிறது.

முடிவுரை

ஆஷாவை இன்றும் தன்னார்வலர் என்றே அழைத்து, பெரும்பாலும் வேலைக்கு இவ்வளவு என்று ஊக்கத்தொகை தருகிறோம். எதற்குப் பணமோ அதுவே முன்னுரிமை பெறும். ஆகவே நிலையான ஊதியம் முதல் தேவை. மாதக் கூட்டமும், மருத்துவமனையில் பிறந்த பிள்ளையை 3ஆம் நாள் முதல் 42ஆம் நாள் வரை ஆறு முறை சென்று பார்ப்பதும், ஆபத்தை உரிய நேரத்தில் கண்டறிவதும் அவருடைய பணிமதிப்பீட்டில் இடம்பெற வேண்டும். எத்தனை பேரை அழைத்துவந்தார் என்பது அவர்மேல் வைக்கத்தக்க கணக்கு. வந்தவர்களில் எத்தனை பேருக்கு உரிய சிகிச்சை கிடைத்தது என்பது மருத்துவ நிலையத்தின் கணக்கு. அதை ஆஷாவின் பெயரில் எழுதுவதை முதலில் நிறுத்த வேண்டும்.