போர்க்கால இயந்திரங்களுக்கு மறுவாழ்வு

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கோவில்பட்டிச் சுற்றுவட்டாரக் கரிசல் காட்டில் நடந்தவர்களுக்கு ஓர் உண்மை நன்றாகத் தெரியும். கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் மண், நல்ல மழை விழுந்ததும் உப்பிக் குழைந்துவிடும். செருப்பு மண்ணோடு போய்விடும்; வண்டிச் சக்கரம் அச்சு வரை இறங்கிவிடும். நீரை ஈர்த்து விரியும் களிமண் கனிமங்கள் இம்மண்ணில் மிகுதியாக இருப்பதே காரணம். இத்தகைய சேற்றிலும், பாலைவன மணலிலும் படைவீரரைக் கொண்டு செல்ல வேண்டிய கட்டாயத்தில் பிறந்த வண்டிதான் ஜீப்.

1940-இல் அமெரிக்க இராணுவம் இத்தகைய சிறு வண்டி ஒன்றைக் கேட்டது. பாண்டம் என்ற சிறிய நிறுவனம் அவ்வாண்டு செப்டம்பரில் முதல் மாதிரியைத் தந்தது. பின்னர் வில்லிஸ், போர்டு ஆகிய இரு நிறுவனங்களும் சேர்ந்து, போர் முடிவதற்குள் 6 லட்சத்துக்கும் அதிகமான ஜீப்புகளைச் செய்து குவித்தன. அதன் எஞ்சின் 2.2 லிட்டர் கொள்ளளவும் 60 குதிரைத் திறனும் உடையது.

அதன் நான்கு சக்கரங்களையும் எஞ்சினே சுழற்றும். இதில் என்ன பயன்? ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். வண்டியின் எடை ஏறக்குறைய 1,100 கிலோகிராம். ஈர மண்ணுக்கும் டயருக்கும் இடையேயுள்ள உராய்வுக் குணகம் 0.3 என்றும், எடையில் பாதி பின்சக்கரங்கள் மீது விழுகிறது என்றும் கொள்வோம். பின்சக்கரங்கள் மட்டும் இழுத்தால் 550 x 0.3, அதாவது 165 கிலோகிராம்-எடை விசையே கிடைக்கும். நான்கும் இழுத்தால் 330. எஞ்சின் அதேதான், மண்ணும் அதேதான். இழுவிசை மட்டும் இரு மடங்காகிவிட்டது!

1945-இல் போர் முடிந்தது. பர்மா போர்முனைக்காக இந்தியாவில் குவிக்கப்பட்டிருந்த லாரிகள், ஜீப்புகள், ஜெனரேட்டர்கள் யாவும் உபரிப் பொருள்களாயின. அவற்றில் பல விற்பனைக்கு வந்தன. அதே 1945-இல் உருக்கு வாணிபத்துக்கெனத் தொடங்கப்பெற்ற மகிந்திரா நிறுவனம், சில ஆண்டுகளிலேயே வில்லிஸ் ஜீப்பின் உறுப்புகளைத் தருவித்துப் பம்பாயில் பூட்டி விற்கத் தொடங்கியது. போருக்குப் பிறந்த வண்டி இவ்வாறு நம் நாட்டுப்புறச் சாலைகளுக்கு வந்து சேர்ந்தது.

எந்த உறுப்பும் எதற்கும் பொருந்தும்

எண்பது ஆண்டு கடந்த ஒரு வண்டியை இன்று ஓட வைக்க முடிவது எப்படி? வில்லிஸ் ஜீப்பின் பெரும்பாலான உறுப்புகள் போர்டு ஜீப்பில் அப்படியே பொருந்தும். குண்டு பட்டு வீழ்ந்த மூன்று வண்டிகளிலிருந்து ஓடும் வண்டி ஒன்றைப் போர்க்களத்திலேயே உருவாக்கலாம் என்பது இதன் நோக்கம்.

இக்கருத்து ஜீப்பைவிட மிகப் பழையது. 1785-இல் பிரான்சு நாட்டுத் துப்பாக்கித் தொழிலாளர் ஒனோரே பிளாங்க் என்பவரின் பட்டறைக்கு அமெரிக்கத் தூதர் தாமஸ் ஜெபர்சன் சென்றார். அங்கே குவிந்திருந்த விசை உறுப்புகளில் கைக்கு வந்தவற்றை எடுத்துத் தாமே பூட்டிப் பார்த்தார். எல்லாம் சரியாகப் பொருந்தின. ஒவ்வோர் உறுப்பையும் அராவி அராவிச் சேர்த்த காலம் அது என்பதை நினைத்தால் அவருடைய வியப்பு நமக்குப் புரியும்.

ஸ்பானர்களின் பூசல்

ஆயினும் எல்லா நாடுகளும் ஒரே அளவைப் பின்பற்றவில்லை. 1841-இல் இங்கிலாந்தின் ஜோசப் விட்வொர்த் திருகாணிகளுக்கு ஒரு பொது அளவு வகுத்தார். அவருடைய புரியின் கோணம் 55 பாகை. 1864-இல் அமெரிக்காவின் வில்லியம் செல்லர்ஸ் வகுத்த புரியின் கோணமோ 60 பாகை. விட்வொர்த் முறையில் அரை அங்குலத் திருகாணிக்கு அங்குலத்துக்கு 12 புரிகள். அமெரிக்கப் பெரும்புரி முறையில் 13. ஒன்றின் நட்டை மற்றொன்றில் ஏற்றினால் ஓரிரு சுற்றுப் போய் இறுகிக்கொள்ளும்; மேலும் முறுக்கினால் மரை தேய்ந்து கெட்டுவிடும்.

ஸ்பானரிலும் இதே குழப்பம். அமெரிக்க ஸ்பானரில் பொறித்த எண், அது பிடிக்கும் தலையின் அகலத்தைக் குறிக்கும். விட்வொர்த் ஸ்பானரில் பொறித்த எண், திருகாணித் தண்டின் விட்டத்தைக் குறிக்கும். ஆகவே இரண்டிலும் அரை அங்குலம் என்று எழுதியிருந்தாலும் வாய் அகலம் வேறு வேறு. நேச நாடுகளின் படைகளுக்குப் போரில் இது பெருந்தலைவலியாயிற்று. 1948-இல்தான் அமெரிக்கா, இங்கிலாந்து, கனடா மூன்றும் ஒரே புரிக்கு உடன்பட்டன. இந்தியா 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே மெட்ரிக் முறைக்கு மாறியது. பழைய வண்டிகளைப் பார்க்கும் மெக்கானிக்கின் பெட்டியில் மூன்று வகை ஸ்பானர்கள் கிடப்பதற்குக் காரணம் இப்போது விளங்குகிறதல்லவா? அப்பெட்டியே ஒரு சரித்திரப் புத்தகம்!

இரும்பின் நினைவு

ஜெனரேட்டரின் கதை இன்னும் சுவையானது. மின்சாரம் எட்டாத ஊர்களில் டூரிங் டாக்கீஸ் நடத்தியவர்கள் எண்ணெய் எஞ்சினையும் டைனமோவையும் நம்பியிருந்தனர். பல்லாண்டு சும்மா கிடந்த இத்தகைய பொறியை எஞ்சினோடு பூட்டிச் சுழற்றினால், எல்லாம் ஒழுங்காக இருந்தும் சில வேளை மின்சாரம் வருவதில்லை. ஏன்?

டைனமோவில் மின்சாரம் பிறக்கக் காந்தப் புலம் வேண்டும். அப்புலத்தை உண்டாக்க மின்சாரம் வேண்டும். கோழி முந்தியா, முட்டை முந்தியா? ஜெர்மனியில் வெர்னர் சீமென்ஸ், இங்கிலாந்தில் வீட்ஸ்டன், வார்லி ஆகியோர் 1866-67-இல் ஏறக்குறைய ஒரே சமயத்தில் இதற்கு விடை கண்டனர். முன்பு காந்தமாக்கப்பட்ட இரும்பு, மின்னோட்டம் நின்ற பின்னும் காந்தத்தில் சிறிதளவைத் தன்னிடம் வைத்துக்கொள்கிறது. இதுவே எஞ்சிய காந்தம். அச்சிறு காந்தம் சிறு மின்னோட்டத்தைத் தருகிறது. அது புலத்தை வலுப்படுத்துகிறது. வலுத்த புலம் மேலும் மின்னோட்டத்தைத் தருகிறது.

நெடுங்காலம் கிடந்தாலோ, அதிர்ச்சியாலோ, வெப்பத்தாலோ எஞ்சிய காந்தம் குன்றிவிடலாம். அப்போது தேர்ந்த மெக்கானிக் ஒரு பாட்டரியின் மின்னோட்டத்தைச் சரியான திசையில் புலச்சுருளுக்குள் சில நொடி செலுத்துவார். இரும்புக்கு நினைவு திரும்பும். பொறியும் உயிர் பெறும். அதற்கு முன் சுருள்களின் ஈரத்தைப் போக்கி, காப்புத் தடையைச் சோதித்துக்கொள்வது அவசியம். அனுபவமில்லாதோர் இதைச் செய்தல் ஆபத்து.

அமெரிக்க ஜெனரேட்டர்கள் பல 60 ஹெர்ட்சுக்கு அமைந்தவை. நான்கு துருவப் பொறியானால் நிமிடத்துக்கு 1,800 சுற்று வேண்டும். நம் நாட்டு 50 ஹெர்ட்சுக்கு அதனை 1,500 சுற்றில் ஓட்டவேண்டும். அப்போது புலம் மாறாதிருந்தால் 120 வோல்ட் 100 வோல்டாகக் குறையும். பொறியின் பெயர்த்தகட்டில் இவ்விவரங்கள் இருக்கும். தகட்டைப் பிடுங்கிப் பழைய இரும்புக்குப் போட்டவர், பொறியின் பாதி அறிவையும் சேர்த்தே போட்டுவிட்டார்!

கான்பூரில் நடந்த அதிசயம்

இத்தகைய அறிவின் மதிப்பை ஒரு நிகழ்ச்சி காட்டும். போர் முடிந்ததும் லிபரேட்டர் என்னும் நான்கு எஞ்சின் குண்டுவீச்சு விமானங்கள் பலவற்றை, வேறு எவரும் பயன்படுத்தாதபடி சிதைத்துக் கான்பூரில் போட்டுவிட்டுச் சென்றனர். சுதந்திர இந்தியாவுக்கோ குண்டுவீச்சு விமானங்கள் தேவைப்பட்டன. பெங்களூர் ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையினர், ஒன்றின் உறுப்பை மற்றொன்றுக்கு இட்டு, நாற்பதுக்கும் மேற்பட்ட விமானங்களை மீண்டும் பறக்கச் செய்தனர். 1948-இல் விமானப்படையில் சேர்ந்த இவை 1968 வரை பணி செய்தன. அவற்றில் ஒன்று பிற்பாடு இங்கிலாந்து விமானப்படை அருங்காட்சியகத்தையே சென்றடைந்தது.

முதலில் எழுதுங்கள்; பிறகு கழற்றுங்கள்

பழுதுபார்த்தல் வேறு, மீட்டமைத்தல் வேறு. பழுதுபார்ப்பவருக்கு வண்டி ஓடினால் போதும். ஜீப்பின் பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சினை வைத்த விவசாயி தவறு செய்தார் என்று யாரும் சொல்ல முடியாது. அவருக்கு வேலை நடந்தாக வேண்டும். மீட்டமைப்பவரோ, அது பிறந்தபோது எப்படி இருந்தது என்று கேட்கிறார். அக்கேள்விக்கு விடை பழைய உறுப்புகளிலும், அவற்றைத் தொட்டுப் பழகியவர் நினைவிலும் மட்டுமே இருக்கிறது.

நம் ஊர் லேத் பட்டறைகளில், கிடைக்காத உறுப்பைத் தேய்ந்த உறுப்பின் அளவைக் கொண்டே கடைந்து தரும் முதியவர்கள் உள்ளனர். எவ்வளவு தேய்ந்திருக்கும் என்று மதிப்பிட்டு, மூல அளவைக் கண்டுபிடிப்பது அவர்கள் கைத்திறன். அது எந்தப் பாடநூலிலும் இல்லை. இரும்பு துருப்பிடித்தாலும் சில பத்தாண்டுகள் தாங்கும். மனிதரின் நினைவு அவ்வளவு காலம் தாங்காது.

மாணவர்களே, உங்களால் இன்றே செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அத்தகைய பட்டறைக்குச் செல்லுங்கள். பெயர்த்தகட்டு எண்களை எழுதுங்கள். வெர்னியர் அளவியால் உறுப்புகளை அளந்து படம் வரையுங்கள். எதை, ஏன் அப்படிச் செய்கிறார் என்று பெரியவரைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். புரியின் கோணம், உராய்வுக் குணகம், எஞ்சிய காந்தம் என்று வகுப்பில் படித்தவை அனைத்தும் அங்கே எண்ணெய்க் கறையோடு உங்கள் முன் நிற்கும். அவ்வாறு குறித்து வைத்த பொறியைத்தான் நாளை இன்னொருவர் மீண்டும் ஓட வைக்க முடியும். மற்றவை கிலோ கணக்கில் எடை போடப்பட்டு உலைக்குப் போய்விடும்.