கேதச் செய்தி வந்த வழி: ஜொகூர்த் தமிழர் வாழ்விலிருந்து ஒரு பார்வை

ஓர் இறப்புச் செய்தி உறவினர் வீட்டை எவ்வழியே, எவ்வளவு காலத்தில் வந்தடைகிறது என்பதை நோக்கினால், அச்சமூகத்தின் நிலையைப் பெரிதும் அறிந்துகொள்ளலாம். ஜொகூர்த் தமிழரின் அன்றாட வாழ்வை அவ்வழியே ஈண்டுக் காண முற்படுகின்றோம்.

கூலாயிலும் குளுவாங்கிலும் சிகாமட்டிலும் இரப்பர்த் தோட்டங்கள் செழித்திருந்த காலத்தில் கேதம் சொல்ல ஆள்தான் போகவேண்டும். லயத்தில் தப்பொலி எழுந்ததும் தோட்டம் முழுதும் அறியும். அடுத்த தோட்டத்திற்கு ஒருவர் மிதிவண்டியில் விரைவார். தமிழகத்துச் சிற்றூருக்கோ கடிதம் கப்பலேறிச் சேர்வதற்குள் கருமாதியே முடிந்திருக்கும். 1924இல் கோலாலம்பூரில் ‘தமிழ் நேசன்’, 1935இல் சிங்கப்பூரில் ‘தமிழ் முரசு’ எனத் தமிழ் நாளேடுகள் வேரூன்றிய பின் இறப்பு அச்சேறலாயிற்று. ஆயினும் விளம்பரத்திற்குக் கட்டணம் உண்டு; பால்மரம் வெட்டியவர் குடும்பத்திற்கு அஃது எளிதன்று.

செய்தியே வாராத காலமும் இருந்தது. 1942 ஜனவரி 31 அன்று பின்வாங்கிய பிரிட்டிஷ் படை ஜொகூர்க் கடற்பாலத்தைத் தகர்த்தது. அவ்வாண்டே சப்பானியர் தொடங்கிய சயாம்–பர்மா இருப்புப்பாதைப் பணிக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர் பல்லாயிரவர் கொண்டுசெல்லப்பட்டனர். ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீண்ட அப்பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. காஞ்சனாபுரியின் போர்க் கல்லறைத் தோட்டத்தில் நேசநாட்டுக் கைதிகள் ஏறத்தாழ 7,000 பேர் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். பெரும்பாலான கற்களில் பெயரும் படைப்பிரிவும் உள்ளன. தமிழ்த் தொழிலாளர்க்கு முழுமையான பெயர்ப்பட்டியல்கூட இல்லை. திரும்பாதவனின் மனைவி எந்நாளில் தாலியைக் களைவாள்? எந்நாளைத் திதியாகக் கொள்வாள்?

இதற்கு நேர்மாறான நிலையை அண்மையில் கண்டோம். 1924இல் முறையாகத் திறக்கப்பட்ட கடற்பாலத்தை, நோய்த்தொற்றுக்கு முன், நாள்தோறும் மூன்று இலட்சம் பேருக்கு மேல் கடந்தனர். விடியுமுன் எழுந்து மோட்டார் சைக்கிளில் அக்கரை சென்று, இரவில் மீள்பவர் பலர். பாலத்தின் நெரிசல் நிலையை முகநூலில் ஒருவருக்கொருவர் அறிவித்துக்கொள்வது அவர்தம் அன்றாட வழக்கம். வரலாற்றாசிரியர் இத்தகைய குறிப்புகளை அற்பமெனத் தள்ளுதல் தகாது; உழைப்பின் நாட்குறிப்பு அது.

2020 மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியதும் அவ்வழி அடைபட்டது. ஆகஸ்ட் 17இல் வந்த ஏற்பாட்டின்படி சிங்கப்பூரில் வேலைபார்ப்போர் குறைந்தது மூன்று மாதம் அங்கே தங்கிய பின்னரே இல்லம் வரலாம். இறப்பு, கடும் நோய் ஆகியவற்றுக்கென இரு நாடுகளும் தனி ஏற்பாட்டை நடைமுறைப்படுத்தியது 2021 மே 17இல்தான். புலனம் என நாம் வழங்கும் வாட்ஸ்அப்பில் செய்தி நொடியில் வரும். பெற்றவர் முகத்தைத் திரையில் காணலாம். வாய்க்கரிசி இட இயலாது. ஒரு கிலோமீட்டர் அளவே உள்ள பாலம் அன்று கப்பற்பயணத்தினும் நெடிதாயிற்று. 2022 ஏப்ரல் 1 அன்றே நிலவழி முழுமையாகத் திறந்தது.

இன்று தோட்டத்தொழிலாளிக்கும் படத்துடன் கண்ணீர் அஞ்சலி வெளிவருகிறது. கட்டணமில்லை. இதனை நாம் பெரும் மாற்றமாகவே கருதுகின்றோம். ஆனால் 2019இல் நின்றுபோன ‘தமிழ் நேச’னின் பழந்தாள் கிடைத்தால் இன்றும் படிக்கலாம், கைப்பேசி பழுதானால் குழுச்செய்திகள் அதனோடு மறையக்கூடும். இறந்தவர் பெயரையடுத்து அவர் வாழ்ந்த தோட்டத்தின் பெயரையும் இடுவோர் உளர். அத்தோட்டம் வீடமைப்புப் பகுதியாகவோ செம்பனைக் காடாகவோ மாறியிருக்கும்.

குடும்பத்தார் இசைவுடன் மாணவர் இவ்வறிவிப்புகளைத் தாளில் படியெடுத்து, நாள், தோட்டம், தகனம் நிகழ்ந்த இடம் ஆகியவற்றைக் குறித்துப் பள்ளி நூலகத்தில் வைக்கலாம். குரல்பதிவாக ஒப்பாரி கிடைப்பின் அதனையும் விடலாகாது. எழுத்தில் பெயர்க்குங்கால் பாடியவரின் ஊர்வழக்கைத் திருத்தாது எழுதுதல் வேண்டும்.