ஒரு டம்ளர் தண்ணிதான் டைமர்

வீட்டுல இருக்கிற மின்சாமான்களிலேயே ரொம்ப அப்பாவி எதுன்னு கேட்டா, ரைஸ் குக்கர்னுதான் சொல்வேன். மிக்சி மாதிரி கத்தாது. பிரஷர் குக்கர் மாதிரி விசிலடிச்சு மிரட்டாது. ஒரே ஒரு பொத்தான். அமுக்கிட்டு நீங்க பாட்டுக்கு வீட்டை ஒதுங்க வைக்கலாம், துணி மடிக்கலாம். கொஞ்ச நேரத்துல 'டக்'னு ஒரு சத்தம். சோறு ரெடி. பொட்டி தட்டப் போன பேச்சிலர்கள்ல பாதிப்பேர் உடம்புல உசிர் ஒட்டிக்கிட்டு இருக்கிறதே இந்தப் புண்ணியவான் தயவுலதான் :-)

அந்த 'டக்' சத்தத்துக்குப் பின்னாடி ஒரு பெரிய கதை இருக்கு. ஜப்பான்ல நடந்த கதை.

முதல்ல ஒரு விஷயம். நம்ம ஊர்ல சோறு வடிக்கிறது சுலபம். தண்ணி கொஞ்சம் கூடக்குறைய இருந்தாலும் பருக்கையை நசுக்கிப் பார்த்து, கஞ்சியை வடிச்சா முடிஞ்சது. ஜப்பான்காரர்கள் வடிப்பதில்லை. அளந்து ஊத்தின தண்ணி மொத்தமும் அரிசிக்குள்ளயே போகணும். தீ ஒரு நிமிஷம் கூடினால் அடிப்பிடிக்கும், குறைந்தால் நடுவுல வேகாது. 'கமாடோ' என்ற விறகடுப்பில், விடியறதுக்கு முன்னாடி எழுந்து, தீயை ஏத்தி இறக்கி, புகையில கண்ணைக் கசக்கிக்கிட்டு ஒரு பெண் பக்கத்துலயே நிக்கணும். அதுவும் தினமும்.

இதை மின்சாரத்துல செய்யலாமேன்னு பெரிய பெரிய தலைகள் எல்லாம் முயற்சி பண்ணாங்க. 1945ல், போர் முடிஞ்ச கையோட, மசாரு இபுகா என்கிற பொறியாளர் ஒரு மரத்தொட்டியோட அடியில அலுமினியத் தகடு வெச்சு, அரிசித் தண்ணி வழியாவே மின்சாரத்தைப் பாய்ச்சிப் பார்த்தார். தண்ணி வற்றினதும் மின்சாரம் தானா நின்னுடும். கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அரிசிக்கு அரிசி, தண்ணிக்குத் தண்ணி பலன் மாறுச்சு. ஒருநாள் குழைஞ்சது, ஒருநாள் வேகலை. விற்பனைக்கே லாயக்கில்லாம போச்சு. அந்த மனுஷனோட கம்பெனிதான் பின்னாடி சோனி ஆச்சு. ரேடியோவும் டேப் ரெக்கார்டரும் செஞ்ச கூட்டத்தையே சோறு தோற்கடிச்சிருச்சு பாருங்க!

1950களின் தொடக்கம். தோஷிபாவில் ஷோகோ யமாதா என்று ஒரு விற்பனைக்காரர். வாஷிங் மெஷின் விக்கிறதுக்காக ஊர் ஊரா அலைஞ்சவர். வீட்டுல எந்த வேலை ரொம்பக் கஷ்டம்னு பெண்கள்கிட்ட விசாரிச்சிருக்கார். துணி துவைக்கிறதுன்னு சொல்வாங்கன்னு எதிர்பார்த்தா, சோறு ஆக்குறதுன்னு பதில் வந்திருக்கு. விஷயத்தை மனசுல வாங்கிக்கிட்டவர், யோஷிததா மினாமி என்பவரிடம் போனார். மினாமி, தோக்கியோவில் சின்னதாக ஒரு தொழிற்சாலை வைத்து தோஷிபாவுக்குச் சாமான் செய்து கொடுத்துக்கொண்டிருந்தவர். மின்சாரம், உலோகம் எல்லாம் தெரியும். சோறு ஆக்கத் தெரியாது.

தெரிஞ்சவங்க வீட்டுக்குள்ளேயே இருந்தாங்க. அவரோட மனைவி ஃபுமிகோ.

அடுத்த மூணு வருஷம் அந்தம்மா பண்ணின வேலையை என்னன்னு சொல்றது! அடுப்பு மாத்தி அடுப்பு, பானை மாத்திப் பானை, ராத்திரி பகலா சோறு ஆக்குறது. ஒவ்வொரு தடவையும் வெப்பநிலை, நேரம், சோறு எப்படி வந்ததுன்னு குறிச்சு வைக்கிறது. நாங்க ஆபீஸ்ல 'டெஸ்டிங்'னு பெருமையா சொல்லிக்கிறோமே, அதேதான். கடைசியா ஒரு விதி கிடைச்சது. கொதி வந்த பிறகு, 98 டிகிரிக்குக் குறையாம 20 நிமிஷம். அதைத் தாண்டினா தீய ஆரம்பிக்கும்.

சரி, 20 நிமிஷத்தை மெஷினுக்கு எப்படிச் சொல்லித் தர்றது? அடுப்பு பத்த வெச்சதிலிருந்து கணக்குப் போட முடியாது. அரிசியோட அளவையும், வெயில் குளிரையும் பொறுத்துக் கொதி வர்ற நேரமே மாறும். இதுக்கு அவங்க கண்டுபிடிச்ச வழி எனக்கு ரொம்பப் பிடிச்ச ஒண்ணு. ரெண்டு பாத்திரம். உள் பாத்திரத்துல அரிசி. வெளிப் பாத்திரத்துல ஒரு குவளை தண்ணி, சுமார் 20 நிமிஷத்துல ஆவியாகிற அளவு. தண்ணி இருக்கிற வரைக்கும் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. கடைசிச் சொட்டு போனதும் சட்டுனு ஏறும். அந்தச் சூட்டுல ரெண்டு உலோகம் ஒட்டின ஒரு தகடு வளையும், சுவிட்ச் அணையும். 'டக்'. கடிகாரமும் இல்லை, நிரலும் இல்லை. தண்ணிதான் டைமர்!

அதோட முடியலை. குளிர் காலத்துல பாத்திரத்தோட சூடு வெளியே ஓடிப்போய் சோறு வேகலை. பனி கொட்டுற ஹொக்கைடோவிலும் வேலை செய்யணுமே! இடையில காத்து இருக்கிற மாதிரி மூணு அடுக்கா மாத்தினாங்க. சரியாச்சு.

1955 டிசம்பர்ல தோஷிபா விற்பனைக்குக் கொண்டுவந்தது. விலை 3,200 யென். அப்போ புதுசா வேலைக்குச் சேர்ந்த பட்டதாரியோட மாசச் சம்பளத்துல கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு. சும்மா வெச்சா யார் வாங்குவா? யமாதா கிராமம் கிராமமாப் போய், சோயா சாஸ் கலந்த சோறை எல்லார் கண்ணு முன்னாடியும் செஞ்சு காட்டினார். விறகடுப்புல லேசுல அடிப்பிடிக்கிற அயிட்டம் அது. இதுல பிடிக்கலைன்னதும் ஜனங்க நம்பினாங்க. தனியா விற்ற டைமரையும் மாட்டிட்டா, ராத்திரி அரிசியைப் போட்டுட்டுத் தூங்கலாம், காலையில சோறு இருக்கும். சில வருஷத்துலேயே ஜப்பான் வீடுகள்ல அது சாதாரணப் பொருள் ஆயிருச்சு.

இப்ப நம்ம வீட்டு குக்கர்ல வெளிப்பாத்திரம், தண்ணி எல்லாம் கிடையாது. அடியில் ஒரு காந்தம். 100 டிகிரியைக் கொஞ்சம் தாண்டினதும் அதோட பிடி விட்டுப்போய் சுவிட்ச் இறங்கும். கருவி மாறினாலும் சூத்திரம் அதேதான். தண்ணி தீர்ந்தா சூடு ஏறும், ஏறினா நிறுத்து. இந்த நம்பிக்கையிலதான் அதுல வெண்பொங்கல், கிச்சடி, கேக் வரைக்கும் ஆளாளுக்குப் பரிசோதனை பண்றோம்.

எனக்கு உறுத்துற விஷயம் ஒண்ணு உண்டு. இந்தக் கதையைச் சொல்றவங்க பல பேர் 'தோஷிபா கண்டுபிடித்தது'ன்னு முடிச்சுடுவாங்க. விவரம் தெரிஞ்சவங்க மினாமி பேரைச் சொல்வாங்க. ஃபுமிகோ பேர் வந்தா 'மனைவியும் உதவினார்'னு ஒரு வரி. யோசிச்சுப் பாருங்க. சுவிட்சும் தகடும் வேறு யாராவது செஞ்சிருக்கலாம். எப்போ அணைக்கணும்னு தெரியாமத்தானே 1945ல ஒரு மேதையோட தொட்டி தோத்துச்சு? அந்த விடையை ஆராய்ச்சிக்கூடத்துல யாரும் கண்டுபிடிக்கலை. சோறு தின்னு தின்னு அலுத்துப்போன ஒரு வீட்டுச் சமையல்கட்டுல, கையில பென்சிலோட நின்ன ஒரு பெண்தான் கண்டுபிடிச்சாங்க.

எங்க பாஷையில சொன்னா, புரோகிராம் எழுதினது ஃபுமிகோ. அதைத் தகரத்துல அச்சடிச்சதுதான் மத்தவங்க. அடுத்த தடவை 'டக்' கேக்கும்போது அந்தம்மாவுக்கு மனசுக்குள்ள ஒரு வணக்கம் போடுங்க மக்களே!