சிரிக்க வைத்தவர்கள் – 17: தருமி நின்ற இடம்

கலைவாணர், தங்கவேலு, சந்திரபாபு என்று வந்த இந்தத் தொடர், இந்த வாரம் நாகேஷிடம் வந்து நிற்கிறது. அவரைப் பற்றி எழுதும் முன் ஒரு சொல்லைப் பேசித் தீர்த்துவிட வேண்டும். ‘லெஜன்ட்’. இன்றைக்கு இரண்டு படம் ஓடினாலே போஸ்டரில் இந்தப் பட்டம் ஏறிவிடுகிறது. இதைக் கொடுப்பதில் கொஞ்சம் கஞ்சத்தனம் வேண்டும் என்பது என் கட்சி. அப்படியானால் நாகேஷுக்கு இதைக் கொடுக்கலாமா?

கூடாது என்பவர்கள் இரண்டு காரணம் சொல்கிறார்கள். கலைவாணர் போல அவர் தன் சரக்கைத் தானே உருவாக்கியவரில்லை. ஸ்ரீதரும் சித்ராலயா கோபுவும் ஏ.பி.நாகராஜனும் பாலசந்தரும் எழுதிக் கொடுத்ததைப் பேசியவர் என்பது ஒன்று. ஓடி வந்து விழுந்து எழுந்து போன படங்களும் அவர் கணக்கில் ஏராளம் என்பது இன்னொன்று. இரண்டும் உண்மை. இதையெல்லாம் ஒப்புக்கொண்ட பிறகுதான் எனக்கு அவர் மேல் மதிப்பு கூடுகிறது. ஏனென்று சொல்கிறேன்.

நாகேஷ் வருவதற்கு முன் சிரிப்பு நடிகருக்குப் படத்தில் எங்கே இடம் இருந்தது? கலைவாணரும் மதுரமும் தங்கள் குழுவோடு தனியாக ஒரு பகுதியைத் தயாரித்துப் படத்தில் சேர்த்துவிடுவார்கள். அதில் சீர்திருத்தம் இருந்தது, கூர்மை இருந்தது. அதற்காகவே ஜனம் தியேட்டருக்கு வந்தது. ஆனால் கதை ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம். நாயகன் அழுது முடித்த பிறகு காமெடியன் வருவார். அவர் போன பிறகு கதை விட்ட இடத்திலிருந்து தொடங்கும்.

1933-ல் தாராபுரத்தில் கன்னடம் பேசும் குடும்பத்தில் பிறந்த நாகேஸ்வரன், ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்தவர். ஒல்லி உடம்பு, முகமெல்லாம் அம்மைத் தழும்பு. அந்த நாளில் சினிமாவுக்கு முகம் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று வைத்திருந்த கணக்கு எதிலும் அடங்காத முகம். ஒரு நாடகத்தில் வயிற்றுவலிக்காரராக வந்து போகிற துண்டு வேடம் அவருக்குக் கிடைத்தது. தலைமை தாங்க வந்திருந்த எம்.ஜி.ஆர். அந்த வயிற்றுவலிக்காரரைத் தனியாகப் பாராட்டிப் பரிசு கொடுத்தார். பிறகு தியாகராய நகரில் கவிஞர் வாலியோடு சேர்ந்து வாய்ப்புக்குக் காத்திருந்த நாட்கள், 1959-ல் ‘தாமரைக்குளம்’, 1962-ல் ஸ்ரீதரின் ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’. இவ்வளவும் முன்னுரைதான்.

சரித்திரம் 1964 பிப்ரவரியில் தொடங்குகிறது. ‘காதலிக்க நேரமில்லை’ படத்தில் செல்லப்பா தன் அப்பாவுக்குக் கதை சொல்லும் காட்சியைத் தமிழில் பார்க்காதவர்கள் குறைவு. இந்த வாரம் அதைச் சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு ஒரு முறை ஓட்டிப் பார்த்தேன். வசனம் போய்விட்டது, கதவு கிறீச்சிடும் ஒலியும் போய்விட்டது. ஆனாலும் சிரிப்பு வந்தது. நாகேஷ் கையாலும் கழுத்தாலும் ஓர் இருட்டை உண்டாக்குகிறார். பாலையா அந்த இருட்டுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறார். முதலில் எரிச்சல், அப்புறம் சந்தேகம், கடைசியில் நிஜமான பயம். யாரைப் பார்த்து நாம் சிரிக்கிறோம்? பாலையாவைப் பார்த்து. சிரிப்பைக் கிளப்புகிறவர் நாகேஷ், அது போய்ச் சேருகிற இடம் பாலையாவின் முகம். எதிரில் இருப்பவருக்குக் கைதட்டலை வாங்கித் தருவதற்குப் பெரிய மனசும் வேண்டும், அதைவிடப் பெரிய தன்னம்பிக்கையும் வேண்டும்.

அதே ஆண்டின் கடைசியில் ‘சர்வர் சுந்தரம்’. பாலசந்தர் எழுதிய நாடகத்தைக் கிருஷ்ணன்–பஞ்சு இயக்க, ஏவி.எம். தயாரிப்பு. ஹோட்டல் சர்வர்தான் கதாநாயகன். அவன் ஆசைப்பட்ட பெண் கிடைக்கவில்லை. நடிகனாகி உச்சிக்குப் போன பிறகு அம்மாவும் இல்லாமல் போகிறாள். அதற்கு அடுத்த வருஷம் ‘திருவிளையாடல்’, ‘நீர்க்குமிழி’. இந்த நான்கு படங்களும் வந்தது இரண்டே ஆண்டுக்குள் என்பதை நினைத்துப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது.

தருமியைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். பாண்டியன் ஆயிரம் பொற்காசு அறிவித்திருக்கிறான். பாட்டு வராத புலவன், யாருமில்லாத கோயில் மண்டபத்தில் தனியாக நின்று சொக்கனிடம் புலம்புகிறான். ஒரே மூச்சில் கெஞ்சல், கோபம், கணக்கு, அழுகை. அந்தக் குரலில் இருப்பது பசி. காசு கைநழுவிப் போய்விடுமோ என்ற ஏழையின் பதைப்பு அது. அதனால்தான் சிரித்துக்கொண்டே இருக்கும்போது நமக்குத் தொண்டை அடைக்கிறது. எதிரே சிவனாக நிற்பவர் சிவாஜி. அந்தக் கம்பீரத்துக்கு முன்னால் கூனிக் குறுகியே சமமாக நின்றார் நாகேஷ். தருமியை எடுத்துவிட்டால் அங்கே நக்கீரரும் இல்லை, நெற்றிக்கண்ணும் இல்லை. அந்தக் கதையே இல்லை.

என் வாதம் இதுதான். சிரிப்பு நடிகனைக் கதைக்கு வெளியிலிருந்து அழைத்து வந்து, அவன் இல்லாமல் கதை நிற்காது என்னும் இடத்தில் உட்கார வைத்தவர் நாகேஷ். ‘நீர்க்குமிழி’யின் சேது ஆஸ்பத்திரியில் எல்லோரையும் சிரிக்க வைக்கிறான், சாகப்போகிறவனும் அவன்தான். ‘எதிர்நீச்சல்’ மாடிப்படி மாது ஒரு வீட்டின் அத்தனை குடித்தனங்களுக்கும் எடுபிடி, படம் அவனுடையது. ‘தில்லானா மோகனாம்பா’ளில் வைத்தி சிரிக்க வைத்துக்கொண்டே கெடுதல் செய்கிறான். எழுதியவர்கள் வேறு என்றால் இருக்கட்டும். இப்படியெல்லாம் எழுதலாம் என்ற துணிச்சல் அவர்களுக்கு எந்த முகத்தைப் பார்த்து வந்தது? பாலசந்தர் முதன்முதலில் இயக்குநர் நாற்காலியில் உட்கார்ந்தபோது தன் நாயகனாக நிறுத்தியது இந்த அம்மைத் தழும்பு முகத்தைத்தான்.

வருத்தமான ஒன்றையும் சொல்ல வேண்டும். அவர் பிடித்துத் தந்த அந்த இடம் நிலைக்கவில்லை. எண்பதுகளில் காமெடி டிராக் மறுபடி தனியாகப் பிரிந்தது. அதிலும் மகா திறமைசாலிகள் வந்தார்கள், அவர்களைப் பற்றிப் பின்னால் பார்க்கப்போகிறோம். ஆனால் கதையின் கனத்தைச் சுமக்கிற வேலையை அவர்களிடம் யாரும் அடிக்கடி கொடுக்கவில்லை. 1975-ல் ‘அபூர்வ ராகங்க’ளில் குடிகார டாக்டராக, சுவரில் விழுந்த தன் நிழலோடு கோப்பையை இடித்துக் குடித்த நாகேஷை நினைத்தால் அந்த இழப்பு இன்னும் உறைக்கிறது.

1994-ல் இரண்டு படங்கள். ‘மகளிர் மட்டும்’ படத்தில் அவருக்குப் பிண வேடம். ஒரு சொல் பேச்சு இல்லை, கண் திறக்கவில்லை; மற்றவர்கள் தூக்கியும் சாய்த்தும் அலைக்கழிக்க, அந்த உடம்பு மட்டும் நடிக்கிறது. ஓடி விழுந்தே பேர் வாங்கியவர் அசையாமல் கிடந்து சிரிக்க வைத்தார். ‘நம்மவர்’ படத்தில் மகளைப் பறிகொடுத்த அப்பா. தேசிய விருது அந்த வேடத்துக்குத்தான் கிடைத்தது, துணை நடிகருக்கான விருதாக. அப்போது அவருக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. 2009 ஜனவரி 31-ல் சென்னையில் காலமானார். பத்ம விருது எதுவும் அவர் வீட்டுக்கு வரவில்லை.

அடுத்த வாரம், அவரோடு எத்தனையோ படங்களில் ஈடுகொடுத்து நின்ற மனோரமா.

(தொடரும்)