லாரில்

சிலாபத்துக் கடையில் ஷாம்பு போத்தலைத் திருப்பினால், பொடி எழுத்தில் ‘சோடியம் லாரில் சல்பேட்’. ‘லாரில்’ வந்தது ‘லாரஸ்’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து. வென்றவன் தலையில் சூட்டிய இலையைத் தந்த மத்தியதரைக் கடலோர மரம் அது. அதன் விதைக் கொழுப்பில் 1842இல் கண்ட அமிலம்தான் லாரிக். தேங்காய் எண்ணெயின் கொழுப்பமிலத்தில் ஏறக்குறைய பாதி அதுதான். புத்தளம், குருநாகல், கம்பஹா என்ற தென்னை முக்கோணத்துக்குச் சேரவேண்டிய பெயரை எங்கோ ஒரு மரம் தட்டிக்கொண்டு போய்விட்டது!

பெயர் ஒன்றானாலும் குணம் வேறு. தேங்காய் எண்ணெயாய் இருக்கையில் தோலில் படிந்து ஈரம் போகாமல் காக்கும். சல்பேட்டாக்கினால் நுரைத்து, அழுக்கோடு தோலின் எண்ணெயையும் வழித்துவிடும், சிலருக்கு எரியும். ‘லாரெத்’ என்றிருந்தால் எத்திலீன் ஒக்சைட்டு சேர்த்தது, கொஞ்சம் சாது.

சவர்க்கார உறையில் ‘சோடியம் கோகோவேட்’ என்றிருந்தால் அது தேங்காய் எண்ணெயும் காரமும் சேர்ந்தது. ‘கோகோ’ போர்த்துக்கேயர் வைத்த பெயர்: சிரட்டையின் மூன்று கண்ணும் அவர்களுக்குப் பூச்சாண்டி முகமாகத் தெரிந்ததாம். நாம் மட்டை உரிக்க நட்டுவைக்கும் அலவாங்கும் அவர்கள் விட்டுப்போன சொல்தான்.