ட்ரூயிட் பூசாரியும் மதமதக்கத் தாழியும்

போன வாரம் கொந்தகை இடுகாட்டு வாசலோடு நிறுத்தியிருந்தோம். உள்ளே போகும் முன் ஒரு வெள்ளைக்காரரைப் பார்த்துவிடலாம்.

மெடோஸ் டெய்லர், நிஜாம் அரசில் அதிகாரி. தக்காணத்தில் கல்வட்டங்களையும் கற்பதுக்கைகளையும் தோண்டியவர். 19ஆம் நூற்றாண்டில் அவற்றைப் பற்றி எழுதியபோது கெல்ட், ட்ரூயிட், சிதியன் என்று மூன்று பெயர்களைத் தலைப்பிலேயே போட்டார். பெருங்கல் எங்கே நின்றாலும் அதை நட்டது கெல்ட்டுகளின் ட்ரூயிட் பூசாரிகள்தான் என்பது அக்காலத்து நம்பிக்கை. வேடிக்கை என்னவென்றால், இங்கிலாந்திலேயே அது பொய். ஸ்டோன்ஹெஞ்ச் கி.மு. 2500 வாக்கில் எழுந்தது. இரும்பு வாளேந்திய கெல்ட்டுகள் தலையெடுத்ததோ கி.மு. 800ஐ ஒட்டித்தான்.

கெல்ட்டுகள் லேசுப்பட்டவர்கள் அல்லர். ஆஸ்திரியாவின் ஹால்ஸ்டாட்டில் உப்பு வெட்டிச் செழித்தார்கள். உலோகத்தில் கொடிபோல் சுழலும் கோடுகளை இழைத்தார்கள். நல்ல வாளையும் கேடயத்தையும் ஆற்றிலும் ஏரியிலும் காணிக்கையாக வீசினார்கள். உயிர் ஓர் உடல் விட்டு இன்னோர் உடல் புகும் என்று ட்ரூயிட்கள் போதித்ததாக ஜூலியஸ் சீசர் எழுதுகிறார். மறைநூல் எதையும் எழுதிவைக்கக் கூடாதாம். சிலர் 20 ஆண்டு உட்கார்ந்து மனப்பாடம் செய்தார்களாம். விளைவு, அவர்களுடைய மதத்தை அவர்களைத் தோற்கடித்தவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

இனி கொந்தகை. கீழடியில் வாழ்ந்தவர்களின் இடுகாடு இதுதான் என்கிறார்கள் ஆய்வாளர்கள். 2020 முதல் இங்கே தாழி தாழியாக வெளிவந்தன. வயிறு பெருத்த மண்தாழி, உள்ளே எலும்புகள், கருப்பு சிவப்புக் கலயங்கள், சூதுபவள மணிகள். மணியின் சிவப்பு இன்னும் மங்கவில்லை. சாகாமல் கிடந்த கிழடுகளை விளக்கேற்றித் தாழிக்குள் உட்கார வைத்தார்கள் என்று நம் ஊர்ப் பாட்டிகள் சொல்வார்கள். மதமதக்கத் தாழி என்பார்கள். எலும்பு அப்படிச் சொல்லவில்லை. பெரியவர்களோடு குழந்தைகளும் இங்கே புதைந்திருக்கிறார்கள். புறநானூற்றுப் பெண் ஒருத்தி, கணவனோடு தன்னையும் சேர்த்துக் கொள்ளுமளவு தாழியை அகலமாக வனையும்படி குயவனைக் கேட்கிறாள். பாட்டிமார் கதையைவிட எனக்கு அவள் பேச்சில்தான் நம்பிக்கை.

சாவுச் சடங்கில் இரண்டு கூட்டமும் கிட்டத்தட்ட ஒன்று. செத்தவருக்குப் பிடித்ததைக் கூடவே அனுப்பினார்கள். கோல் (Gaul) நாட்டில் சீசர் கண்ட கெல்ட்டுகள் தீயிலிட்டார்கள், வைகைக்கரையார் மண்ணிலிட்டார்கள். எழுத்தில்தான் வேறுபாடு. கீழடிப் பானையோடுகளில் ஆதன், குவிரன் ஆதன் என்று தமிழிப் பெயர்கள் இருக்கின்றன. அரசாணையும் இல்லை, வேதமும் இல்லை. சோறாக்கும் பானையில் பெயர்! கூர்முனையால் கீறிய, சற்றே கோணலான எழுத்துகள். இவர்களைத் தெரிந்துகொள்ள எந்தச் சீசரும் வரவேண்டியதில்லை.

ட்ரூயிட் நாட்டோடு நமக்குள்ள கணக்கு இப்போது வேறு விதமாகத் தொடர்கிறது. கொந்தகையில் கிடைத்த இரண்டு ஆண் மண்டையோடுகளின் பதிவுகளைக் கொண்டு, இங்கிலாந்தின் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகம் முகங்களை உருவாக்கித் தந்தது; 2025இல் அவை வெளியாயின. எலும்புகளின் மரபணு ஆய்வை மதுரை காமராசர் பல்கலைக்கழகம் கையில் எடுத்திருக்கிறது.

வைகையில் இன்னும் மேலே போனால் புலிமான்கோம்பை. ஆநிரைப் பூசலில் விழுந்தவனுக்குத் தமிழி எழுத்தோடு கல் நட்ட ஊர். அடுத்த வாரம் அங்கே.

(தொடரும்)